செவியில் தொடங்கும் ஏடு: தோட்டப்புறப் பாலர் வகுப்பும் வாசிப்பு மூலையும்

பினாங்குத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஜார்ஜ் டவுன் நகரிலிருந்தே தொடங்குவர். துறைமுகமும் சூலியா தெருவும் குயின் தெரு மாரியம்மன் கோயிலும் அவ்வரலாற்றின் முதற்பக்கங்களாக அமைவதில் வியப்பில்லை. ஆயினும் இவ்வுரையில் நாம் நீரிணையைக் கடந்து பெருநிலப் பகுதிக்குச் செல்கிறோம். செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபாலை அடுத்துப் பைராம் தோட்டம் உள்ளது. பாலர் வகுப்பொன்றில் வாசிப்பு மூலை அமைப்பது எப்படி என்னும் கேள்வியை அங்கிருந்தே தொடங்க விரும்புகிறோம். இது வகுப்பறையை அழகுபடுத்தும் சிறு வேலையாகத் தோன்றலாம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. தோட்டத்துக் குழந்தையின் கைக்கு நூல் எந்த வயதில் வந்தது, ஏன் அத்துணைக் காலம் தாழ்ந்து வந்தது என்பதே அவ்வரலாறு.

1. பைராம் தோட்டமும் ஏழாம் அகவையும்

1786இல் பினாங்குத் தீவும், 1800இல் எதிர்க்கரையிலிருந்த நிலப்பகுதியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தன. அந்நிலப்பகுதி வெல்லஸ்லி மாகாணம் எனப் பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய முதலாளிகள் அங்குப் பெரும் பரப்பில் கரும்பு பயிரிட்டனர். அக்கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பலேற்றி வரப்பட்டனர். பைராம், கலிடோனியா முதலிய தோட்டங்கள் ராம்ஸ்டன் குடும்பத்தின் உடைமைகளாயின. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் அக்குடும்பத்தின் இருப்பிடமாக விளங்கிய பைராம் என்னும் ஊரின் பெயரையே நம் தோட்டமும் தாங்கி நிற்கிறது. கரும்பு மறைந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் வந்தது. பின்னாளில் மாநிலத்தின் பல தோட்டங்களில் இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. பயிர்கள் மாறினாலும் லயத்து வீடுகளில் ஒலித்த மொழி தமிழாகவே இருந்தது.

அம்மொழியை எழுத்தாகக் கற்பிக்கும் கடமை தோட்ட முதலாளிக்கு உண்டு என்பதை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளி நடத்தப்பெறுதல் வேண்டும். இவ்விதியின் பயனாக மலாயா முழுவதும் தோட்டப் பள்ளிகள் தோன்றின. அவற்றின் நிலை நாம் அறிந்ததே. பல இடங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒரே கூரையின் கீழ். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியராக அமர்ந்த இடங்களும் உண்டு. குறைகள் பலவாயினும், நம் முன்னோர் எழுத்தறிவு பெற்றது அந்தக் கொட்டகைகளிலேதான். அவற்றை இகழ்ந்து பேச நமக்கு உரிமையில்லை.

நாம் இங்குச் சுட்ட விரும்புவது அச்சட்டத்தில் உள்ள 'ஏழு' என்னும் எண்ணை. கல்விக்குரிய பிள்ளை ஏழாம் அகவையில்தான் பிறக்கிறான் என்பது போல அச்சட்டம் கணக்கிட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அப்பிள்ளை எங்கே இருந்தான்? விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பின் பால்மரம் வெட்டப் போன தாய், அவனை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். அங்கே ஏணையும் தாலாட்டும் இருந்தன. பல குழந்தைகளை ஒருசேரக் காத்த ஒரு மூதாட்டியின் பொறுமையும் இருந்தது. நூல் மட்டும் இல்லை. தாலாட்டையும் கதையையும் கேட்டு வளர்ந்த அக்குழந்தைக்கு, அவையெல்லாம் எழுத்தாகவும் இருக்கக்கூடும் என்பதைக் காட்ட ஒருவரும் இலர். இந்த இடைவெளியே இவ்வுரையின் பொருள்.

2. மணலிலிருந்து நூலுக்கு

நம் மரபில் எழுத்தறிவு மணலில் தொடங்கியது. திண்ணைப் பள்ளியில் குழந்தையின் விரலைப் பற்றி மணலில் எழுதுவித்தனர். எழுதும்போதே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லுவித்தனர். முன்னேறிய மாணவன் பின்வந்தவனுக்குக் கற்பித்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியொன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கை வழியாக அது 'சென்னை முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்து சென்று பரவியது. தமிழ்க் குழந்தையின் விரல் மணலில் இட்ட கோடு, உலகக் கல்வி வரலாற்றில் ஒரு பக்கமாயிற்று.

பெல்லின் அறிக்கை வெளிவந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் பினாங்கு இலவசப் பள்ளி தொடங்கப்பெற்றது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை அப்பள்ளியின் தமிழ் வகுப்போடு இணைத்தே நாம் எண்ணி வருகிறோம். 2016இல் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியதும் அதனாலேயே.

மணல் முறையில் ஒரு சிறப்பும் ஒரு குறையும் உண்டு. கையும் கண்ணும் செவியும் நாவும் ஒரே வேளையில் தொழிற்பட்டன என்பது சிறப்பு. குழந்தை எழுத்தைக் கண்டதே அன்றி, அவ்வெழுத்துகள் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லும் என்பதைக் காண நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது குறை. மணலும் பின்வந்த கற்பலகையும் அழிக்கப்படுவதற்கென்றே அமைந்தவை. மீண்டும் திறந்து, நேற்றுப் பார்த்த அதே பக்கத்தை இன்றும் பார்க்கும் இன்பம் நூல் ஒன்றே தரக்கூடியது.

3. தோட்டத்தில் வாசிப்பு ஒலித்த விதம்

தோட்டத்தில் நூல் குறைவாக இருந்தது. ஆனால் வாசிப்பே இல்லை என்று கூறுவது பிழை. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் தோட்டங்களுக்கு வந்தன. வந்த ஓர் இதழைப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்தார்; மற்றவர் சூழ அமர்ந்து கேட்டனர். கோயில்களில் பாரதக் கதையும் இராமகாதையும் படிக்கப்பெற்றன. ஊரிலிருந்து வந்த கடிதமும் அவ்வாறே பிறர் வாயிலாகப் படிக்கப்பட்டு, பிறர் கையால் மறுமொழி எழுதப்பட்டது. அஃதாவது, வாசிப்பு என்பது அன்று ஒருவர் குரலும் பலர் செவியும் கூடிய செயல். தந்தையின் மடியில் அமர்ந்து அதைக் கேட்ட சிறு குழந்தை, தாளிலுள்ள கரிய குறிகளே அக்குரலை எழுப்புகின்றன என்பதைத் தானே உணர்ந்திருக்கும். எழுத்தறிவின் முதற்படி இவ்வுணர்வே.

நூலுக்காக இம்மக்கள் ஈந்ததும் உண்டு. 1950களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையும் வேளையில், அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டியும் தமிழ் நூலகம் ஒன்று உருவாக வேண்டியும் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டப்பெற்றது. தம் பிள்ளைகள் கண்டிராத ஒரு நூலகத்திற்காக உழைப்பாளர் சிறு தொகைகளாக வழங்கினர். பல்கலைக்கழகத்தில் நூலகம் அமைக்கத் துணிந்த சமூகம், ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நூலடுக்கு அமைப்பதற்குத் தயங்கக் காரணமில்லை.

தாய்நிலத்திலும் இதையொத்த முயற்சிகள் நிகழ்ந்தன. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல் காப்பதற்காக அன்றிப் பயன்படுத்துவதற்காகவே உள்ளது என்பது அவற்றுள் முதல் விதியின் கருத்து. அவ்வாண்டிலேயே மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது. வாசகன் நூலைத் தேடி வருவான் என்று காத்திராமல் நூலே வாசகனைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதை அவ்வண்டி செயலில் காட்டிற்று. பாலர் வகுப்பின் வாசிப்பு மூலைக்கும் இதுவே அடிப்படை.

4. குழந்தையின் உயரத்திற்கு இறங்கிய அடுக்கு

மேலை நாடுகளிலும் குழந்தைக்கான நூல் எளிதில் வந்துவிடவில்லை. 1658இல் கொமேனியசு என்னும் கல்வியாளர் படங்களைக் கொண்டு உலகை விளக்கும் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். 1837இல் செருமனியில் ஃபுரோபல் தொடங்கிய பள்ளி, பின்னர்க் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயர் பெற்றது. 1907இல் உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் மரியா மாண்டிசோரி தம் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். குழந்தை தானே எடுத்துத் தானே திரும்ப வைக்கத்தக்க தாழ்ந்த திறந்த அடுக்குகள் அவரது முறையின் அடையாளமாயின. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்தார். தொழிலாளர் குடியிருப்பில் தோன்றிய ஒரு முறை, தொழிலாளர் லயத்துக் குழந்தைக்கும் பொருந்தும் என்பதை நாம் நினைவில் கொள்ளல் வேண்டும்.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது நியூசிலாந்தின் பட்டறிவு. ஆக்லாந்து நகரப் பள்ளிகளில் மாவோரிக் குழந்தைகளும் பசிபிக் தீவுகளிலிருந்து குடியேறியோரின் குழந்தைகளும் வாசிப்பில் பின்தங்கியதைக் கண்ட ஆசிரியர்கள், டான் ஹோல்டவேயின் வழிகாட்டுதலில் பெரிய அளவு நூல்களைச் செய்தனர். இரவில் தாயின் அருகே படுத்துக் கதை கேட்கும் குழந்தை, பக்கத்தையும் காண்கிறது, குரலையும் கேட்கிறது. அந்நிலையை முழு வகுப்பிற்கும் வழங்கவே அவர்கள் நூலைப் பெரிதாக்கினர். 1979இல் ஹோல்டவே இம்முறையை நூலாக விளக்கினார். வீட்டில் கதைநூல் இல்லாத குழந்தைக்கு அந்த வாய்ப்பை வகுப்பறை வழங்க வேண்டும் என்பதே அவர் கூறியதன் சாரம்.

5. பாலர் வகுப்பு நம் பள்ளிக்குள் வந்தது

நம் நாட்டில் 1951இன் பார்ன்ஸ் அறிக்கை, 1956இன் ரசாக் அறிக்கை, 1957இன் கல்விச் சட்டம் ஆகியன பற்றி நாம் பலகால் பேசியிருக்கிறோம். அவையெல்லாம் தமிழ்ப்பள்ளி நிலைக்குமா என்னும் கவலையோடு பின்னியவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தும், விடுதலையின்போது 888 என்று கணக்கிடப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ ஒட்டிய எண்ணிக்கையில் நிற்கின்றன. பினாங்கு மாநிலத்தில் 28 பள்ளிகள் உள்ளன. பைராம் தோட்டத்தின் பெயர் தாங்கிய பள்ளியும் அவற்றுள் ஒன்று.

இக்கவலைகளுக்கிடையே, ஏழு வயதுக்கு முந்திய குழந்தையைப் பற்றிய மாற்றம் அமைதியாக நிகழ்ந்தது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி அமைப்பின் ஒரு பகுதியாக ஏற்றது. 2003 முதல் தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்து, 2010இலும் 2017இலும் திருத்தம் பெற்றது. தமிழ்ப்பள்ளி வளாகத்திலேயே பாலர் வகுப்பு அமைந்தது. 25 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் என்னும் ஏற்பாடும் வந்தது. கற்றல் மூலைகள் அவ்வகுப்பின் இயல்பான உறுப்புகளாயின. ஆயாக் கொட்டகைக்கும் முதலாம் ஆண்டு வகுப்பிற்கும் இடையே இருந்த வெற்றிடம் இவ்வாறு நிரம்பத் தொடங்கியது. அதனுள் வாசிப்பு மூலையை எவ்வாறு அமைக்கிறோம் என்பது இனி ஆசிரியர் கையில் உள்ளது.

6. மூலையை அமைக்கும் முறை

நாம் பார்த்த வகுப்பறைகளில் ஒன்றில் அழகிய கண்ணாடிப் பேழை இருந்தது. உள்ளே புத்தம்புதிய நூல்கள் இருந்தன. பேழைக்குப் பூட்டும் இருந்தது. நூல் கிழிந்துவிடும் என்னும் அச்சமே காரணம். தணிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய ஆசிரியரின் அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கிழியாத நூல் படிக்கப்படாத நூல் என்பதையும் சொல்லியாக வேண்டும். குழந்தை கிழித்த தாளைக் குழந்தையைக் கொண்டே ஒட்டச் செய்வதும் நூற்பயிற்சியே. நம் ஈரக் காற்றில் பூட்டிய பேழை, குழந்தைகளை விலக்கி இராமபாணப் பூச்சிக்கு இடங்கொடுக்கிறது என்பதும் உண்மை.

ஆகவே முதலாவது, திறந்த அடுக்கு. ஐந்து வயதுக் குழந்தையின் தோளுக்கு மேல் உயராமல், நூலின் முதுகன்றி முகப்பட்டை தெரியுமாறு நூல்களை நிறுத்துதல் வேண்டும். படிக்கத் தெரியாதவர்க்கு முகப்புப் படமே நூலின் பெயர். மழை தெறிக்காத, ஆனால் பகலொளி விழும் மூலையாக அது இருக்கட்டும். ஒரு பாயும் சில திண்டுகளும் போதும். ஒரே நேரத்தில் ஐந்தாறு குழந்தைகள் அமரும் அளவே சிறந்தது. கூட்டம் மிகுந்தால் அமைதி போய்விடும்.

இரண்டாவது, நூல்களின் தொகை. வகுப்பறை நூலகங்களை ஆராய்ந்த லெஸ்லி மாரோ போன்றோர் ஒரு குழந்தைக்கு 5 முதல் 8 நூல்கள் வேண்டும் என்பர். 25 குழந்தைகளுக்கு அது 125 முதல் 200 நூல்கள் ஆகும். இத்தொகையைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒருசேர வெளியில் வைப்பதும் வேண்டுவதில்லை. முப்பது நாற்பது நூல்களை வைத்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை சிலவற்றை மாற்றலாம். குழந்தைகள் மீண்டும் மீண்டும் கேட்கும் நூலை மட்டும் மாற்றலாகாது.

மூன்றாவது, நம் மண்ணின் நூல்கள். தமிழகத்திலிருந்து வரும் படநூல்கள் நன்று, அவை வேண்டும். ஆனால் செம்பனைக் குலையையும் தீமிதித் திருவிழாவையும், பக்கத்து வீட்டு மலாய், சீன நண்பர்களையும் காட்டும் நூலும் அடுக்கில் இருத்தல் வேண்டும். கடையில் கிடைக்காவிடில் வகுப்பிலேயே செய்யலாம். பாட்டி ஒருவரை அழைத்து அந்நாளைய தோட்ட வாழ்வைச் சொல்லச் செய்து, அவர் சொன்னதைப் பெரிய எழுத்தில் ஆசிரியர் எழுத, குழந்தைகள் படம் வரைந்தால் அதுவே ஒரு பெரிய நூல். தன் பாட்டியின் சொல் எழுத்தாகி அடுக்கில் நிற்பதைக் காணும் குழந்தை, நூல் வேறு யாருக்கோ உரியது என்று இனி எண்ணாது.

நான்காவதே தலையாயது: குரல். ஏன் என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர். நம் குழந்தை வீட்டில் கேட்பது, 'காக்கா வந்துச்சு, வடைய தூக்கிட்டுப் போயிருச்சு' என்னும் தமிழ். நூலில் காண்பது, 'காகம் வந்தது. வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது' என்னும் தமிழ். இவ்விரண்டும் ஒரு மொழியே என்பது நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. எழுத்துகளைக் கூட்டிப் படித்தாலும், அச்சொல்லைச் செவி முன்பே கேட்டிராவிட்டால் பொருள் விளங்காது. எழுத்து அனைத்தும் தெரிந்தும் வாசிப்பில் தடுமாறும் முதலாம் ஆண்டு மாணவனை நாம் 'மந்தமானவன்' என்று சொல்லிவிடுகிறோம். பலவேளைகளில் குறை அவன் மூளையில் இல்லை. நூல்தமிழை அவன் செவிக்கு யாரும் வழங்கவில்லை. நாளும் பதினைந்து மணித்துளி ஆசிரியர் நூலை விரித்து, சொல்லின் கீழ் விரலை ஓட்டி, உரக்கப் படித்தால் இவ்விடைவெளி சுருங்கும். படித்த நூல் அன்றே அடுக்கில் வைக்கப்பட்டால், குழந்தை ஓடிச்சென்று அதை எடுத்து, நினைவிலிருந்தே 'படிக்கும்'. அதைப் பொய்ப் படிப்பு என்று திருத்த வேண்டா. பழைய தோட்டத்தில் இதழ் கேட்டவர்களின் பேரப்பிள்ளை அதே வழியில்தான் எழுத்தை நெருங்குகிறது.

திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம், கல்லாமை 41, அடுத்து வருவது கேள்வி, 42. கற்கும் வாய்ப்பு இல்லாதவனுக்கும் கேட்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அவ்வைப்பு முறை நமக்கு உணர்த்தும் பொருள். இன்னும் எழுத்தறியாத ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

7. நிறைவாக

இதற்கு மறுப்பு உண்டு. முதலாம் ஆண்டிற்குள் பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதற்குப் பயிற்சித்தாள் வேண்டும், பாயில் படுத்துப் படம் பார்ப்பது காலத்தை வீணாக்கும் என்று பெற்றோர் கூறுவர். அவர்களது அச்சம் நியாயமானது. தம் பிள்ளை மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருசேரத் தேற வேண்டும் என்னும் சுமை அவர்கள் மேல் இருக்கிறது. அவர்களிடம் வாதிடுவதினும், வாரம் ஒரு நூலைக் குழந்தையின் பையில் வீட்டுக்கு அனுப்புதல் நன்று. தாயோ தாத்தாவோ அதை உரக்கப் படித்துக் காட்டட்டும். படிக்க இயலாதவர் படத்தைப் பார்த்துக் கதை சொல்லட்டும். வீட்டில் அந்நூல் பெறும் வரவேற்பே பெற்றோர்க்கு நாம் தரும் விடை.

1923இன் சட்டம் ஏழு வயதில் ஒரு கோடு கிழித்தது. அக்கோட்டுக்கு அப்பால் நின்ற குழந்தைகளுள் பலர் இன்று பாட்டன் பாட்டியராக நம்மிடையே இருக்கின்றனர். சிலர் பெயர் மட்டும் எழுதத் தெரிந்தவர்கள். அவர்கள் இழந்ததை மீட்டுத் தர நம்மால் ஆகாது. ஆனால் அவர்களைப் பாலர் வகுப்பிற்கு அழைத்து, பாயில் அமர்த்தி, அவர்களது கதையைக் குழந்தைகளோடு சேர்ந்து நூலாக்க நம்மால் ஆகும். ஆசிரியப் பயிற்சியில் உள்ள மாணவர்கள் இதனைத் தம் முதற்பணியாகக் கொள்வார்களாக. தாழ்ந்த அடுக்கு ஒன்று, பாய் ஒன்று, நாளும் பதினைந்து மணித்துளிக் குரல்: இவ்வளவே தொடக்கத்திற்குப் போதும். பூட்டு மட்டும் வேண்டா.